மையக்கோடு ஏன் முழுக்கோடாகத் தெரிகிறது?

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்பதால், தூர்வாரும் வேலைக்கான வரைபடங்கள் சித்திரை வெயிலோடு சேர்ந்தே என் மேசைக்கு வரும். மன்னார்குடியில் சிறியதாக ஒரு வரைபட அலுவலகம் வைத்திருக்கிறேன். வீட்டு மனை, மதகு, வாய்க்கால் என எது வந்தாலும் வரைவேன். மனதுக்குப் பிடித்தது வாய்க்கால்தான். வளைந்து நெளிந்து போகிற ஒன்றை ஒரு தாளுக்குள் உட்கார வைப்பதில் ஒரு கர்வம் இருக்கத்தான் செய்கிறது.

வாய்க்காலின் கரைகளைக் கண்ணால் பார்க்கலாம். இரு கரைக்கும் நடுவே போவதாக வைத்துக்கொள்ளும் மையக்கோட்டைப் பார்க்க முடியாது; தாளில் அதை நீளக் கோடு, சிறு கோடு என விட்டுவிட்டுப் போடுவது வழக்கம். ஆனால் தலைப்பு மதகில் பூஜ்யம் எனத் தொடங்கித் தூரம் குறிப்பது, குறுக்குவெட்டு எடுப்பது, மண் கணக்குப் போடுவது எல்லாம் அதை வைத்துத்தான். தாளில் கரைக்கோட்டுக்கு 0.35 மில்லிமீட்டர் தடிமன் கொடுத்தால் மையத்துக்கு 0.18 போதும்.

அண்மையில் ஓர் ஒப்பந்தக்காரர் அனுப்பிய கோப்பில் மையக்கோட்டைத் துண்டு துண்டாகக் கையால் வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு சிறு கோடும் தனிக் கோடு! நகர்த்தினால் ஒன்று வரும், பத்து நிற்கும். நீளம் கேட்டால் துண்டின் நீளத்தைச் சொல்லும். வரைந்தவரின் பொறுமைக்கு ஒரு கும்பிடு. முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன்.

ஏன் அப்படிச் செய்தார் என்பது எனக்குப் புரிகிறது. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் 'சென்டர்' என்ற கோட்டு வடிவத்தை, அதாவது லைன்டைப்பைத் தேர்ந்தெடுத்தும் திரையில் முழுக்கோடாகவே தெரிந்திருக்கும். மெட்ரிக் கோப்பில் அந்த வடிவம் 31.75 நீளக் கோடு, 6.35 இடைவெளி, 6.35 சிறு கோடு, மீண்டும் 6.35 இடைவெளி, ஆக 50.8 அலகு. நாம் வாய்க்காலை மீட்டரில் வரைகிறோம். அப்படியானால் ஒரு சுற்று முடிய 50.8 மீட்டர் வேண்டும். சர்வேயரோ 10 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்திருப்பார். அந்தப் புள்ளிகளை இணைத்து வரையும் தொடர்கோடான பாலிலைன் ஒவ்வொரு முனையிலும் வடிவத்தைப் புதிதாகத் தொடங்கும். 10 மீட்டருக்குள் ஒரு சுற்றுகூட அடங்காது என்பதால் முழுக்கோடாகவே வரைந்துவிடும்.

உடனே எல்லோரும் கை வைப்பது, வடிவத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் எல்டிஸ்கேலில். அதை 0.1 ஆக்கினால் கோடு உடையும், உண்மைதான். ஆனால் 1:1000 அளவில் அச்சிட்டால் எறும்பு வரிசை மாதிரி இருக்கும். சரியான மருந்து வேறு. அந்தப் பாலிலைனைத் தேர்ந்து, அதன் பண்புகளில் 'லைன்டைப் ஜெனரேஷன்' என்பதை இயக்குங்கள். முனைகளைப் பொருட்படுத்தாமல் வடிவம் தலைப்பிலிருந்து கடைமடை வரை ஒரே ஓட்டமாக ஓடும். இனி வரையப்போகும் பாலிலைன்களுக்கு பிலைன்ஜென் என்ற அமைப்பின் மதிப்பை 1 ஆக வைத்தால் போதும். ஏற்கெனவே இருப்பவற்றை அது தொடாது. அதன்பின் எல்டிஸ்கேலை 0.5 வைத்தால் 1:1000 தாளில் ஒரு சுற்று ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் வரும். எனக்கு அது பிடித்த அளவு.

டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியிலிருந்து வருவது முப்பரிமாண பாலிலைனாக இருந்தால் இந்த வசதி அதில் கிடையாது. உயர மட்டங்களோடு கூடிய அசலைத் தனி லேயரில் (அடுக்கில்) பத்திரப்படுத்திவிட்டு, மேலே சாதாரண பாலிலைன் ஒன்றை வரைந்துகொள்வேன்.

ஒரே தாளில் வாய்க்கால் 1:1000-லும் மதகு 1:50-லும் வரும்போது பிஎஸ்எல்டிஸ்கேல் என்ற அமைப்பு 1 என்று இருக்க வேண்டும். அப்போதுதான் இந்த இரு படங்களையும் காட்டும் இரண்டு சாளரத்திலும் கோட்டுத் துண்டுகள் தாளில் ஒரே நீளத்தில் அமையும். மாற்றியதும் திரையைப் புதுப்பிக்கும் ரீஜென்ஆல் கட்டளையைக் கொடுக்காமல், "ஒன்றும் நடக்கவில்லையே அக்கா" என்று என்னிடம் வரும் தம்பிகள் இன்னும் இருக்கிறார்கள்.

மதகுப் படத்துக்கு மட்டும் 2017 பதிப்பில் வந்த சென்டர்லைன் கட்டளையைப் பயன்படுத்துகிறேன். ஷட்டர் திருகுத்தண்டின் இரு ஓரக் கோடுகளைத் தொட்டால் நடுவே கோடு விழும். ஓரக் கோடுகளை நகர்த்தினால் நடுக்கோடும் கூடவே நகரும். வட்டமான கைச்சக்கரத்துக்கு, மையத்தைக் குறிக்கும் சென்டர்மார்க் கட்டளை. வாய்க்காலுக்கு இது உதவாது. அது நேர்கோடுகளைத்தான் ஏற்கும். நம் ஊர் வாய்க்கால் எது நேராகப் போகிறது?