கத்திரி வெயிலில் குற்றாலம் வருகிறவர்களுக்கு

குற்றாலத்தில் பெய்யும் மழை எல்லாம் ஒரே மழை அல்ல. ஆனி, ஆடியில் பெய்வது சாரல். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்கும். பூந்தூறலாக விழும், கொஞ்சம் நிற்கும், மறுபடி விழும். அருவியில் தண்ணீர் படிப்படியாக ஏறும், அதேபோலப் படிப்படியாக வடியும். தடை போடுவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். சித்திரைக் கடைசியிலும் வைகாசியிலும் பெய்வது இடிமழை. அதற்கு இந்த நிதானம் எதுவும் கிடையாது. அரை மணி நேரத்தில் கொட்டி முடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வெயில் அடிக்கும். மலையில் அது விட்டுச் சென்ற தண்ணீர் அதற்குப் பிறகுதான் கீழே வந்து சேரும்.

நானும் கணவரும் ஐந்தருவிச் சாலையில் ஒரு சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். பள்ளி விடுமுறை என்பதால் இந்த வாரம் அறைகள் நிரம்பியிருந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். அங்கே அடிக்கும் வெயிலிலிருந்து தப்பித்து வருகிறவர்களிடம் ‘குளிக்காதீர்கள்’ என்று சொல்வது எனக்கும் மனக்கஷ்டம்தான். இருந்தாலும் வாரம் முழுவதும் அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. வாசலில் நின்று ஒவ்வொரு குடும்பத்திடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். மே மாதத்தில் குற்றாலம் வர நினைப்பவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

திங்கட்கிழமை காற்றே இல்லை. தென்காசியில் காற்று நின்றுவிட்டால் ஏதோ வரப்போகிறது என்று பொருள். மற்ற நாள்களில் துணி காயப்போட்டால் கிளிப் இல்லாமல் நிற்காது. அன்று கொடியில் போட்ட சேலை அசையவில்லை. பத்திரிகையில் குமரிக்கடல் பகுதியில் நிலவும் வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி பற்றியும், தென்காசி உள்ளிட்ட மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கனமழைக்கு வாய்ப்பு என்றும் போட்டிருந்தார்கள். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் ஆறரை செ.மீ. முதல் பதினொன்றரை செ.மீ. வரை. ஓரிரு இடங்கள் என்றால் அந்த வட்டாரத்தில் இருக்கும் மழைமானிகளில் கால்வாசிக்கு மேற்படாமல். எங்கள் மாவட்டம் மலையடிவாரத்திலிருந்து சங்கரன்கோவில் கரிசல் வரை நீண்டு கிடக்கிறது. இதில் அந்த ஓரிரு இடம் எது என்று முதல் நாளே யாராலும் சொல்ல முடியாது. நான் அதை எப்போதும் மலைக்குரியதாகவே எடுத்துக்கொள்வேன். சுழற்சி வலுவாக இருக்கும் வாரத்தில் மலை தப்பியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதற்குக் காரணம் உண்டு. முற்பகல் வெயிலில் மலைச்சரிவு கொதிக்கிறது. மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றும், ஆரியங்காவு கணவாய்க்கு அந்தப்புறம் கேரளத்திலிருந்து வரும் ஈரக்காற்றும் மலைமேல் முட்டிக்கொண்டு மேலே கிளம்புகின்றன. பதினொரு மணிக்குப் பஞ்சுப் பொதி அளவில் தெரிந்த மேகம், இரண்டு மணிக்குள் பத்து கிலோமீட்டருக்கும் மேலான உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. அது பெரும்பாலும் நகர்வதில்லை. கிளம்பிய இடத்திலேயே கொட்டுகிறது.

செவ்வாய்க்கிழமை அப்படித்தான் ஆனது. மதியம் எங்கள் மொட்டைமாடியில் வெயில் கண்ணைக் கூசியது. ஆனால் திரிகூடமலையின் உச்சி தெரியவில்லை. என் அத்தை இருந்தவரை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்வாசலுக்குப் போய் மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். உச்சி மறைந்திருந்தால் அன்று பிள்ளைகளை ஓடைப் பக்கம் விடமாட்டார். தலைக்குமேல் வானம் நீலமாக இருக்கிறதா என்பதை அவர் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. நானும் விடுதிக்கு வருகிறவர்களிடம் அதையே காட்டுகிறேன். சாத்தூரிலிருந்து வந்திருந்த அண்ணாச்சி ஒருவர், “வெயில் இப்படி அடிக்கிறதே அக்கா, இதில் வெள்ளம் எங்கிருந்து வரும்?” என்று கேட்டார். பின்வாசலுக்கு அழைத்துப் போய் மலையைக் காட்டினேன். இடிச் சத்தம் நன்றாகவே கேட்டது. சிற்றாறு அந்த மேகத்துக்கு அடியில்தான் பிறக்கிறது. தேனருவி, செண்பகாதேவி என்று இறங்கித்தான் பேரருவிக்கு வருகிறது. அவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளைகளின் துண்டுகளை அறையிலேயே வைக்கச் சொன்னார்.

மாலையில் பேரருவியில் குளிக்கத் தடை விதித்தார்கள். காலையில் பாறையை நனைக்கும் அளவுக்குக்கூட நீர் இல்லாமல் கிடந்த அருவி அது. பாதி உயரத்தில் இருக்கும் பொங்குமாங்கடல் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து வருவதால்தான் பேரருவியின் கீழே மனிதர்கள் நிற்கவே முடிகிறது. நீர் அளவுக்கு மீறினால் அந்தப் பள்ளத்தாலும் அடக்க முடியாது. தண்ணீர் எகிறிக் குதித்து, குளிக்கும் இடத்துக்கு முன்னால் இருக்கும் ஆர்ச்சைத் தாண்டி விழும். ‘தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிவிட்டது’ என்று பஜாரில் யாராவது சொன்னால் அதற்குமேல் விளக்கம் கேட்கத் தேவையில்லை.

பழைய குற்றால அருவி வேறு மாதிரி. அங்கே நடந்ததைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 2024 மே 17, வெள்ளிக்கிழமை. கோடை விடுமுறைக் கூட்டம். மதியத்துக்குப் பிறகு திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில், திருநெல்வேலியிலிருந்து உறவினர்களோடு வந்திருந்த பள்ளி மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். படிக்கட்டில் நின்றவர்கள் பதறி ஏறி ஓடும் காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். என்னால் அதை இரண்டாவது முறை பார்க்க முடியவில்லை. சில நொடிகளுக்கு முன்னால் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்த இடம் அது. ஒவ்வொரு வைகாசியிலும், குழந்தைகளோடு யாராவது ‘பழைய குற்றாலத்துக்கு எப்படிப் போக வேண்டும்?’ என்று கேட்கும்போது அந்தப் பையன்தான் என் நினைவுக்கு வருகிறான்.

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு செ.மீ. மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். இடிமழை அரை மணி நேரத்தில் மூன்று நான்கு செ.மீ. கொட்டக்கூடியது. மேலே இருப்பது செங்குத்தான சரிவும் வெறும் பாறையும். சமவெளியில் ஓர் ஆறு நிரம்ப நாள்கணக்காகும். இங்கே ஓடை நிமிடக்கணக்கில் நிரம்பிவிடுகிறது. கீழே குளித்துக்கொண்டிருப்பவருக்கு அருவியின் இரைச்சலில் இடிச் சத்தம்கூடக் கேட்காது.

அடையாளங்கள் சில உண்டு. தெளிவாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் கலங்கலாகும், பிறகு செம்மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் சேர்ந்து விழும். மண்வாடை அடிக்கும். தலையில் விழும் நீரின் கனம் மாறும். இவற்றில் எதைக் கண்டாலும் சோப்பையும் செருப்பையும் தேடக்கூடாது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஓடை போகும் திசையிலேயே ஓடக்கூடாது. காவலுக்கு நிற்கும் போலீசார் விசில் அடித்தால், என்ன ஏது என்று கேட்காமல் வெளியே வர வேண்டும்.

புதன்கிழமை இரவு மழை ஊருக்குள் வந்தது. மின்சாரம் போனது, தென்காசியில் தாழ்வான தெருக்களில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். அது காலைக்குள் வடிந்துவிட்டது. வடியாமல் நிற்பது வல்லத்தில் என் தம்பி பட்ட நஷ்டம்தான். மழைக்குச் சற்று முன்னால் ஒரு குளிர்ந்த காற்று அடிக்குமே, நமக்கெல்லாம் சுகமாக இருக்குமே, அது மேகத்துக்குள்ளிருந்து தரையை நோக்கி விழும் காற்று. தரையில் மோதி நாலாபுறமும் சீறும். தம்பியின் தோட்டத்தில் குலை தள்ளிய ஏத்தன் (நேந்திரம்) வாழைகள் அதற்குத் தாங்கவில்லை. முட்டுக் கொடுத்திருந்த மரங்களும் முட்டோடு சேர்ந்து சாய்ந்தன. இன்னும் ஒன்றரை மாதம் நின்றிருந்தால் ஓணச் சந்தைக்கு முன்னால் நல்ல விலைக்குப் போயிருக்கும். மதினி வியாழக்கிழமை காலையில் போன் செய்து, “எல்லாம் படுத்துவிட்டது” என்று மட்டும் சொன்னாள். நான் போய்ப் பார்த்தபோது தம்பி பிஞ்சுக் குலைகளை வெட்டித் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறான். எவ்வளவு வரும், எப்போது வரும் என்பது பிறகு தெரியும்.

இத்தனை மழை பெய்தும் குளங்களுக்கு அதிகம் சேரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். இடிமழைத் தண்ணீர் கால்வாயில் நின்று திரும்பும் தண்ணீர் அல்ல. சிற்றாற்றில் விழுந்து, வீரகேரளம்புதூர், கங்கைகொண்டான் என்று ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்துவிடுகிறது. மாவட்டத்தின் ஐந்து அணைகளில் குண்டாறுதான் சிறியது, முழு உயரமே 36 அடி. சீசனில் முதலில் நிரம்புவதும் அதுதான். அதுவும் இப்போதைக்குப் பாதிக்குக் கீழேதான். கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவுகிறவர்கள் நம்பியிருப்பது சாரலை. இந்த மழையை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எல்லா அருவிகளிலும் தடை. தடை போட்டால் சிலருக்கு வேறொரு யோசனை வருகிறது. தோட்டத்துக்குள் ஓர் ஓடை இருக்கிறது, யாரும் கேட்கமாட்டார்கள், வண்டியிலேயே கொண்டு விடுகிறேன் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து போகாதீர்கள். அந்த ஓடையும் அதே மலையிலிருந்து, அதே மேகத்தின் கீழிருந்துதான் வருகிறது. அங்கே விசில் அடிக்கக்கூட ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை எங்கள் விடுதியிலிருந்தே இரண்டு இளைஞர்கள் அப்படிக் கிளம்பினார்கள். வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். கோபித்துக்கொண்டு அறையைக் காலி செய்தார்கள். அன்றைய வாடகையைத் திருப்பிக் கொடுத்து, நேராக ஊருக்குப் போகும்படி கேட்டுக்கொண்டேன். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார்கள்.

மின்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிச்சம் தெரிந்து மூன்று விநாடி கழித்துச் சத்தம் கேட்டால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. முப்பது விநாடிக்குள் கேட்டாலே உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வெளியே வரக்கூடாது. மரத்தடியில் ஒதுங்குவது எல்லாவற்றையும்விட ஆபத்து. மொட்டைமாடியில் மின்னலைப் படம் எடுக்கப் போன பிள்ளைகளைக் கீழே இறக்கிவிட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மழை விடும்வரை தரவில்லை.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. எச்சரிக்கை மாவட்டத்துக்கென்று வருகிறது, ஆபத்து ஓர் ஓடையில் வருகிறது. செண்பகாதேவிக்கு மேலே, பழைய குற்றாலத்துக்கு மேலே, ஐந்தருவிக்கு மேலே மழையை நிமிடத்துக்கு நிமிடம் அளந்து, அளவு மீறினால் கீழே தானாகச் சங்கு ஒலிக்கும் ஏற்பாடு ஒவ்வொரு அருவிக்கும் வேண்டும். தண்ணீர் இறங்கி வர எடுத்துக்கொள்ளும் அந்தச் சில நிமிடங்கள் குளிப்பவர்கள் கையில் இருக்க வேண்டும். சீசனுக்கு மட்டுமல்ல, மே மாதக் கூட்டத்துக்கும் அது வேலை செய்ய வேண்டும். விடுதிக்காரர்கள் நாங்கள் எங்களால் முடிந்த பங்கைத் தரத் தயாராக இருக்கிறோம்.

அடுத்த வாரமும் மழை தொடரும் என்கிறார்கள். முன்பதிவு செய்திருந்தவர்களுக்கு இன்று காலையிலிருந்து போன் செய்து, ஆனி இரண்டாவது வாரத்துக்கு மேல் வரச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேதி ஒத்துவராதவர்களுக்கு முன்பணம் திரும்பப் போகும். கோவில்பட்டியிலிருந்து ஒரு பெரிய குடும்பம் மட்டும், அருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குற்றாலநாதரையும் சித்திரசபையையும் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறது. அவர்களுக்குக் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் ஒதுக்கியிருக்கிறேன்.