மணப்பாட்டு மணல்மேட்டில் ஒரு பாய்மரச் சிலுவை

திருச்செந்தூரிலிருந்து குலசேகரப்பட்டினம் வழியாகத் தெற்கே செல்லும் கடற்கரைச் சாலையில், பனைகளுக்கும் உடைமரங்களுக்கும் அப்பால், கடலுக்குள் நீண்டு நிற்கும் மணப்பாட்டு மணல்மேடும் அதன் உச்சியில் வெள்ளையாய்த் தெரியும் திருச்சிலுவை ஆலயமும் ஒன்றாகவே கண்ணில் படுகின்றன. மேட்டின் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா விரிந்து கிடக்கிறது. மறுபக்கம் மணல்திட்டு ஒன்று அலையைத் தடுத்து நிற்பதால், முகத்துவாரத்து நீர் குளம்போல் அடங்கியிருக்கிறது. அலைச்சறுக்கு ஆட வருகிறவர்களும் வழிபட வருகிறவர்களும் ஒரே மணலைக் கடந்துதான் போகிறார்கள்.

மணப்பாட்டுக்கு வருகிற எவரும் கப்பல் தலைவனின் கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. 1540ஆம் ஆண்டு வாக்கில் கீழைக்கடலுக்கு வந்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று புயலில் சிக்கிப் பாய்கள் கிழிந்து, பாய்மரமும் ஒடிந்த நிலையில், உயிரோடு கரை சேர்ந்தால் ஒடிந்த மரத்திலேயே சிலுவை செய்து அந்தக் கரையில் நாட்டுவதாக அதன் தலைவன் நேர்ந்துகொண்டான் என்பதும், கப்பல் ஒதுங்கிய இடம் மணப்பாடு என்பதும் கதையின் முற்பகுதி. பிற்பகுதியை ஊரார் வேறு விதமாகச் சொல்கிறார்கள். கப்பல் வருவதற்கு முன்பே மரத்துண்டு மட்டும் கரையொதுங்கிவிட்டதாம். அதன் அருமை அறியாமல் அழுக்குக் காலோடு மிதித்த ஒருவருக்குக் கால் வீங்கியதாம். கனவில் கேட்ட கட்டளைப்படி மரத்தைக் கழுவி எண்ணெய் பூசிய பிறகே வீக்கம் வடிந்ததாம்.

இந்த இரண்டாம் பகுதிதான் என்னை அதிகம் ஈர்த்தது. நேர்ச்சையும் புயலும் எந்தக் கடலோடியின் வாயிலும் வரக்கூடியவை. ஆனால், மிதித்ததால் வந்த குற்றமும், கனவில் வந்த உத்தரவும், நீராட்டி எண்ணெய்க்காப்பு இடுவதும் நம் ஊர்க் கோயில் தலவரலாறுகளின் நடையில் அமைந்தவை. அயல்நாட்டுக் கப்பலின் மரத்தை இந்தக் கரை தன் முறைப்படி ஏற்றுக்கொண்ட விதமாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த மரத்தில் செய்து நாட்டிய சிலுவை நின்ற மேட்டில்தான் 1581இல் இந்த ஆலயம் எழுந்தது.

கதையிலிருந்து வரலாற்றுக்கு வர மேட்டின் கடல்முகத்தில் இறங்கினால் போதும். அங்கே பாறையில் ஒரு குகை இருக்கிறது. தலையைத் தாழ்த்தித்தான் உள்ளே நுழைய வேண்டும். வெளியே கண்ணைக் கூசச் செய்த வெயில் நுழைந்த கணமே நின்றுவிட, ஈரக்கல்லின் குளிர்ச்சி முகத்தில் அடிக்கிறது. கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் உப்புக் கரிக்காத நீரைத் தரும் கிணறு ஒன்று உள்ளேயே இருக்கிறது. இயேசு சபைத் துறவியான புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த இடம் இது என்பதோடு, அவருக்கு முன் ஒரு சைவத் துறவி இங்கே வாழ்ந்தார் என்பதையும் ஊர் மறைக்கவில்லை. குகையில் பதித்த கல்வெட்டே அதைச் சொல்கிறது.

சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கடற்கரைக்கு வந்தபோது, இங்குள்ள கடலோடிச் சமூகத்தவரான பரதவர்கள் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால், அவர்களுக்குச் செபம் சொல்லித்தர ஆளில்லை. மொழி தெரிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி அவர் கற்பித்தார். 1544இல் அவர் எழுதிய கடிதங்களில் சில மணப்பாட்டிலிருந்தே எழுதப்பட்டவை. அவற்றுள் ஜூன் மாதத்துக் கடிதங்கள், படைவீரர்களுக்கு அஞ்சிக் கன்னியாகுமரிக் கடற்பாறைகளில் ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்த மக்களைப் பற்றியவை. அவர்களுக்கு உதவ இங்கிருந்து 20 தோணிகளோடு அவர் புறப்பட்டார். எதிர்க்காற்று அத்தோணிகளைக் குமரிக்குப் போகவிடவில்லை. கதையில் வரும் கப்பல் தலைவனைக் கரை சேர்த்த கடல்தான், நான்கே ஆண்டுகளில் சவேரியாரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. மேட்டின் மேல் நின்று, தூற்றும் மணலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, அந்தத் தோணிகளில் துடுப்புப் பிடித்த பரதவர்களை நினைத்துக்கொண்டேன். கப்பல் தலைவனுக்கு ஒரு கதை கிடைத்தது. பெயர் தெரியாத அந்தத் தண்டுவலிக்காரர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

ஊருக்குள் புனித யாகப்பர் ஆலயமும் பரிசுத்த ஆவி ஆலயமும் இருக்கின்றன. கடல் வணிகத்தில் செழித்த காலத்துப் பெரிய வீடுகள் சிலவற்றின் முகப்பில் போர்த்துக்கீசியச் சாயல் இன்னும் தெரிகிறது. பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளையும் கூடைகளையும் பார்க்காமல் போவது முறையல்ல.

ஆண்டுதோறும் செப்டம்பர் 14ஆம் நாள் திருச்சிலுவையின் மகிமை விழா. மாதத் தொடக்கத்தில் கொடியேறியதிலிருந்தே மேடு முழுவதும் மக்கள் நிறைந்துவிடுவார்கள். கதையை ஊரார் வாயால் கேட்க விரும்புகிறவர்கள் அப்போது வரலாம். குகையில் சற்று நேரம் உட்கார விரும்புகிறவர்கள் வேறொரு மாதத்தில், வெயில் ஏறுமுன் வந்துவிடுவது நல்லது. மேட்டில் நிழல் குறைவு, நடக்க வேண்டியதோ மணலில்.