சோயாவுக்குப் பதில் சூரியகாந்தி: நாமக்கல் பண்ணை நாட்குறிப்பு

3 ஆகஸ்ட் 2021, செவ்வாய்

சோயா புண்ணாக்கு கிலோ நூறு ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. ஒரு டன் தீவனத்துக்கு 200 கிலோ சோயா போடுகிறோம். கோழிக்கு 110 கிராம் என்று வைத்தாலும் எங்கள் 5,000 கோழிக்கு இரண்டு நாளில் ஒரு டன் தீர்ந்துவிடும்.

வியாபாரி பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு தருகிறேன் என்றார். மாமா கேட்டதுமே மறுத்துவிட்டார். "போட்ட அன்னைக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு. வச்சிருந்து உடைச்சா கரு பச்சை பாஞ்சிருக்கும்." அதிலுள்ள காசிபால் என்ற நச்சுப்பொருள் கருவின் இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. கேரளாவுக்குப் போகிற முட்டையில் இந்த விளையாட்டு கூடாது. கடலைப் புண்ணாக்கை எனக்குப் பிடிக்கும், ஆனால் ஈரம் பட்டுப் பூஞ்சை வந்தால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு ஏறிக் கோழியின் ஈரலைக் கெடுத்துவிடும். கடைசியில் சூரியகாந்தி என்று முடிவானது.

6 ஆகஸ்ட்

60 கிலோ சோயாவை எடுத்துவிட்டு 90 கிலோ சூரியகாந்தி. சோயாவில் புரதம் 46 சதவீதம், இதில் 30. கணக்கு சரியாக வந்தது. கூடுதல் 30 கிலோவுக்கு இடம் வேண்டுமே, தவிட்டைக் குறைத்தேன். முதலில் ஒரு வரிசைக் கூண்டுகளுக்கு மட்டும்.

17 ஆகஸ்ட்

அந்த வரிசையில் முட்டை எண்ணிக்கை குறையவில்லை, எடை குறைந்திருக்கிறது. தட்டில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது. தப்பு என்னுடையதுதான். புரதத்தை எண்ணினேன், அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களில் மெத்தியோனின் சூரியகாந்தியில் நன்றாக இருக்கும், லைசினோ சோயாவில் இருப்பதில் பாதிகூட இல்லை. நாரும் அதிகம், அதனால் எரிசக்தியும் குறைவு. தீவனத் தொட்டியில் கறுப்பு உமியை ஒதுக்கிவிட்டு மக்காச்சோளத்தை மட்டும் பொறுக்கியிருந்தன. பாவம், அவற்றின் மேல் குற்றமில்லை.

டன்னுக்கு ஒரு கிலோ லைசின், 6 கிலோ எண்ணெய் சேர்த்து, சல்லடையை மாற்றி நைசாக அரைக்கச் சொன்னேன். மிச்சமாகும் பணம் குறைந்தது, ஆனாலும் மிச்சம்தான்.

26 ஆகஸ்ட்

மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதி தந்திருக்கிறது. விலை இறங்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. மாமா பழைய கலவைக்கே போய்விடலாம் என்கிறார். எனக்கு மனசில்லை. ஒரே புண்ணாக்கை நம்பி இருந்ததால்தானே இந்தப் பாடு.

9 செப்டம்பர்

எடை திரும்பிவிட்டது. கருவின் நிறத்தில் மாற்றமில்லை. நாளையிலிருந்து இரண்டாவது ஷெட்டுக்கும் இதே கலவை. புதிதாக முட்டைக்கு வந்த இளங்கோழிகளுக்கு மட்டும் சோயாவைக் குறைக்கப் போவதில்லை, அவை தீனி குறைவாக எடுக்கிற வயது, நார் வயிற்றை அடைத்துவிடும். அடுத்த லோடு இறக்கும்போது சாக்குக்கு ஒரு கைப்பிடி எடுத்துச் சலித்து, உமி எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.