படத்தைப் பார்த்துச் சொல்வதும் படிப்புதான்

யூகேஜி பெற்றோர் கூட்டத்தில் ஆண்டுதோறும் யாராவது ஓர் அம்மா இதைச் சொல்லிவிடுவார்: "புஸ்தகத்தக் கையில குடுத்தா கடகடன்னு சொல்றானுங்க மிஸ். ஆனா எழுத்தப் பார்க்கறதே இல்லீங்க. படத்தப் பார்த்து மனப்பாடமா ஒப்பிக்கறான்." பையன் ஏதோ திருட்டுத்தனம் செய்துவிட்டது போன்ற வருத்தம் அந்தக் குரலில் இருக்கும். எனக்கோ அதைக் கேட்டால் மகிழ்ச்சி. "அவனத் தடுக்காதீங்கம்மா, படிக்க ஆரம்பிச்சுட்டான்" என்பேன். பலர் நம்புவதில்லை.

நான் வேலை பார்ப்பது திருப்பூரில். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யூகேஜி தொடங்கினார்கள். அதன் பிறகு பள்ளிக்கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த வகுப்புகள் எட்டின. இங்கே பெற்றோர் பெரும்பாலும் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்பும்போது இரவு எட்டரை தாண்டிவிடும். அந்தக் களைப்பிலும் நோட்டைத் திறந்து, பிள்ளை எத்தனை வரி எழுதியிருக்கிறது என்று பார்ப்பார்கள். எழுதிய பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. கதை கேட்ட காது தெரிவதில்லை. அவர்கள் கவலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒப்பிக்கிற பிள்ளையைக் கொஞ்சம் உட்கார்ந்து கவனித்தால் தெரியும். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிப்பதில்லை. இந்தப் பக்கத்துக்கான வாக்கியத்தை இந்தப் பக்கத்தில்தான் சொல்கிறது, முடிந்ததும் தாளைத் திருப்புகிறது. அதைவிட முக்கியம், வீட்டில் "மரத்துல ஏறுச்சு" என்று பேசுகிற குழந்தை புத்தகத்தை எடுத்ததும் "மரத்தில் ஏறியது" என்கிறது. எழுத்துத் தமிழ் பேச்சுத் தமிழிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது நமக்குப் பழகிப்போய்விட்டது. நான்கு வயதுப் பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட புது மொழி. அந்த மொழியைக் காதால் கேட்காத பிள்ளை பின்னால் எழுத்துக்கூட்டி முடித்தாலும், கூட்டியது என்ன சொல் என்று தெரியாமல் விழிக்கும். 'ப' என்ற ஒரே எழுத்தை 'படம்' என்பதில் ஒரு விதமாகவும் 'பாம்பு' என்பதன் முடிவில் வேறு விதமாகவும் ஒலிக்கிறோம். எங்கே எப்படி ஒலிக்க வேண்டும் என்று அந்த வயதில் விதி சொல்லி விளக்க முடியாது. சொல்லை முன்பே கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் விரல் வரும். பிள்ளை தானாகவே வரிக்கு அடியில் விரல் வைத்துச் சொல்லத் தொடங்கும். மனப்பாட வாக்கியம் முடிந்துவிடும், விரலுக்கு முன்னால் இன்னும் ஒரு சொல் மிச்சம் இருக்கும். குழந்தை நின்றுவிடும். முகத்தைச் சுருக்கும். வரியின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி மெதுவாகச் சொல்லும். வாயில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்த வேலையில் எனக்குப் பிடித்த நேரம் இது. அந்தச் சமயம் குறுக்கே புகுந்து "இது என்ன எழுத்து சொல்லு?" என்று கேட்பவர்களைக் கண்டால் மனசு பதறும்.

வகுப்பில் எழுத்து கற்பிப்பதில்லையா என்றால், கற்பிக்கிறோம். 'அ' வளைவும் சுழியுமாகக் கையை வதைக்கும் என்பதால் ட, ப, ம என்று நேர்க்கோடு அதிகமுள்ள எழுத்துகளில் தொடங்குகிறோம். மூன்று எழுத்திலேயே படம், மடம், பட்டம் என்று சொற்கள் வந்துவிடுகின்றன. பனியன் வேஸ்ட் துணியை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டியிருக்கிறோம், விரலால் தடவிப் பார்க்க. காலையில் வந்ததும் அவரவர் பெயர் அட்டையைத் தேடி எடுத்து ஆணியில் மாட்ட வேண்டும். அதுதான் எங்கள் வருகைப் பதிவு.

கைதட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. 'அம்மா' என்று சொல்லித் தட்டச் சொன்னால் எல்லாரும் இரண்டு தட்டுத்தான் தட்டுவார்கள்: அம், மா. எழுத்தோ மூன்று. அவர்கள் காது தவறில்லை. 'ம்' தனியாக நிற்காமல் முன் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் 'அமா' என்று எழுதுகிறார்கள். அதற்காகக் காதைத் திருகும் வீடுகள் உண்டு, கேள்விப்பட்டால் அன்று முழுக்க வேலை ஓடாது. 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இதற்கெல்லாம் மாதங்கள் பிடிக்கத்தான் செய்யும்.

"எனக்கே படிக்கத் தெரியாதுங்க, நான் எங்க சொல்லிக் குடுக்கறது?" என்பவர்களுக்கு என்னிடம் ஓர் அம்மாவின் கதை இருக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்தவர், தமிழ் எழுத்து தெரியாது. வெள்ளிக்கிழமை நாங்கள் கொடுத்தனுப்பும் படப் புத்தகத்தை மடியில் விரித்து, படத்துக்குப் படம் ஒடியாவில் கதை சொல்லியிருக்கிறார். திங்கள்கிழமை அவர் மகள் அதே கதையை எங்களுக்குத் தமிழில் சொன்னாள், நாங்கள் சொல்லித் தந்ததைவிட நீளமாக. வீட்டில் அம்மிச்சியோ அப்பாருவோ, அதாவது பாட்டியோ தாத்தாவோ, இருந்தால் இன்னும் நல்லது. அவர்களிடம் நேரமும் இருக்கிறது, கதையும் இருக்கிறது. போன்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கு குழந்தைப் புத்தகங்கள் வெளியிடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தைக் காட்டுகிறேன். 2015 முதல் இயங்குகிறது, தமிழ்க் கதைகள் இலவசம். முதல் நிலைப் புத்தகங்களில் ஒரு பக்கத்துக்குச் சில சொற்களே இருக்கும். ஆனால் போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போனால் பயனில்லை. பக்கத்தில் உட்கார வேண்டும், பத்து நிமிடம் போதும். ஒரே கதையை மறுபடி மறுபடி கேட்டால் மறுபடி சொல்லுங்கள். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு "இப்பப் படி" என்று சோதிக்காதீர்கள்.

புத்தகம் கிழிந்தால் கிழியட்டும், கொண்டுவந்தால் ஒட்டிக்கொள்கிறோம்.

ஒன்றாம் வகுப்பில் பாதி ஆண்டு போன பிறகும் எழுத்துகளைச் சேர்க்கவே வரவில்லை, பெயரைக்கூட அடையாளம் தெரியவில்லை என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். டியூஷனுக்கு அனுப்பும் முன் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள், வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.