அப்பாவுக்கு முதல் காது பரிசோதனை

நாளை மறுநாள் அப்பாவை நாகர்கோவிலுக்குக் காது பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறேன். குளச்சல் கடலில் வள்ளத்து எஞ்சின் பக்கத்திலேயே 30 வருடம் உட்கார்ந்திருந்த மனிதர். "மக்களே, கொஞ்சம் சத்தமா சொல்லு" என்று அவர் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கிறது, இவ்வளவு நாள் விட்டுவிட்டோமே என்று.

ஒரு வாரமாக நோட்டில் குறித்து வைக்கிறேன். எந்தக் காது, எப்போதிலிருந்து, இரைச்சல் உண்டா, தலை சுற்றுகிறதா, எந்த இடத்தில் கேட்கவில்லை. எழுதத் தொடங்கிய பிறகுதான் ஒன்று புரிந்தது: என் குரல் அவருக்குக் கேட்கிறது, பேத்தியின் மெல்லிய குரல்தான் பிடிபடவில்லை. இரைச்சலால் கெட்ட காதில் கீச்சொலிகள்தான் முதலில் போகும், அதனால் பேசுவது கேட்டாலும் வார்த்தை தெளியாது.

மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுவிட்டேன், ஏனென்றால் ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகளே கேட்கும் திறனைப் பாதிக்கும். பட்ஸ் போட்டுக் குடைய வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று, அது அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும். நாளைக்குத் திருவிழா மைக் செட் பக்கம் போகக் கூடாது, பெரிய சத்தம் கேட்ட காது சில மணி நேரம் மந்தமாகவே இருக்கும், சோதனை தப்பாக வரும்.

சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை மெல்லிய ஒலிகளை விடுவார்கள், கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வலிக்காது அப்பா என்று நேற்றும் சொன்னேன்.

அப்புறம் ஒன்று, திடீரென்று ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால் இப்படித் தேதி பார்த்துக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.