080 என்று தொடங்கும் அழைப்பு

பட்டம் வாங்கி நாலு மாதம் ஆகிவிட்டது. நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் ரெஸ்யூமே ஏற்றியாயிற்று. 080 என்று தொடங்கும் பெங்களூரு எண்ணிலிருந்து ஃபோன் வருகிறது. மேசையில் கிடந்து அதிர்கிறது, கை போக மாட்டேன் என்கிறது. அடித்து ஓய்ந்ததும் "அப்பாடா" என்று ஒரு நிம்மதி வருகிறதே, சிக்கல் அங்கேதான்.

எடுக்காமல் விட்டதற்கு மூளைக்குக் கிடைத்த கூலி அந்த நிம்மதி. கூலி கிடைத்த வேலையை மூளை திரும்பச் செய்யும். அடுத்த முறை ஃபோன் அடித்ததுமே வயிறு கலங்கும். மாதக்கணக்கில் வீட்டிலேயே இருக்கும் பட்டதாரிக்குப் பயம் கூடிக்கொண்டே போவது இதனால்தான், சோம்பேறித்தனத்தால் அல்ல. "தைரியம் வரட்டும், அப்புறம் பேசுறேன்" என்று காத்திருந்தால் வராது. நாலு முறை நடுங்கிக்கொண்டே பேசிய பிறகுதான் அது மெல்ல வரும்.

இதற்கான வழி புதிதல்ல. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற குழந்தையைப் பற்றி எழுதினார். பிடித்த தின்பண்டத்தை அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டிலிருந்த முயலைத் தூரத்தில் வைப்பார்கள். சாப்பாடு தடைபடாத அளவுக்கு, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவருவார்கள். கடைசியில் தன் விரலை முயல் கொறிக்கவே பீட்டர் விட்டான். பின்னாளில் ஜோசப் வோல்ப் என்ற மருத்துவர், பயங்களை வரிசைப்படுத்திப் படிப்படியாக ஏறும் முறையாக இதைப் பெரியவர்களுக்கு வகுத்தார்.

நம் முயல், ஆங்கிலத்தில் பேசும் அந்த எச்.ஆர். குரல். அதற்கு ஒரு பட்டியல் போடுவோம். 0 என்றால் பயமே இல்லை, 100 என்றால் மயக்கமே வரும். தனி அறையில் சுய அறிமுகத்தை ஃபோனில் பதிவு செய்வது 20. பதிவானதைத் தானே கேட்பது 30 (பலருக்குப் பேசுவதைவிட இதுதான் கஷ்டம்). நண்பனுக்கு ஆங்கிலத்தில் வாய்ஸ் நோட் 40. சிம் கம்பெனியின் கஸ்டமர் கேரை அழைத்து, ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து, ரீசார்ஜ் பற்றி இரண்டு கேள்வி கேட்பது 50. உளறினாலும் அவர்கள் நம்மை நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை, அதனால் இது அருமையான படி. அவ்வளவாக விருப்பமில்லாத கம்பெனியின் வாக்-இன் (நேரே போய்க் கலந்துகொள்ளும் இன்டர்வியூ) 70. ஆசைப்பட்ட கம்பெனி 90.

ஒரு படியை ஒரே நாளில் மூன்று நான்கு முறை செய்யுங்கள். முன்னும் பின்னும் பயத்துக்கு மார்க் எழுதுங்கள். 50-இல் தொடங்கியது 25-க்கு இறங்கினால் அடுத்த படி. பயம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் ஓடிவந்தால் பழைய கூலிதான் திரும்பக் கிடைக்கும், முடிந்தவரை அது தணியும்வரை இருங்கள். முடியவே இல்லையென்றால் படி உயரம், நடுவில் இன்னொரு படி போடுங்கள். வாரக்கணக்கில் இடைவெளி விட்டால் இறங்கிய மார்க் மறுபடி ஏறும்.

பலர் இத்தனையும் செய்துவிட்டுப் பயம் குறையவில்லை என்பார்கள். விசாரித்தால், காகிதத்தைப் பார்த்து வாசித்திருப்பார்கள், வீடியோவை அணைத்திருப்பார்கள், இல்லை மூச்சுவிடாமல் ஒப்பித்திருப்பார்கள். அப்படிச் செய்தால் "காகிதம் இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான் மூளை கணக்கு எழுதும்.

சுய அறிமுகமும் அப்படித்தான். மனப்பாடம் செய்தால் ஒவ்வொரு சொல்லும் முந்தைய சொல்லைப் பிடித்துத் தொங்கும், ஒன்று மறந்தால் மொத்தமும் சரியும். ஐந்து குறிப்புச் சொற்கள் போதும்: பெயரும் ஊரும், படிப்பும் ஆண்டும், புராஜெக்டில் நான் செய்த பகுதி, தெரிந்த கருவிகள், இந்த வேலை ஏன். ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். "மைசெல்ஃப்" என்று தொடங்க வேண்டாம், "ஐ ஆம்" போதும். அப்பா என்ன செய்கிறார் என்பதை அவர்கள் கேட்டால் சொல்லலாம்.

புராஜெக்ட் என்றதும் ஒன்று. அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு வரும் நடுக்கத்துக்கு மேலே சொன்ன பட்டியல் உதவாது, ஏனென்றால் அது நியாயமான பயம். இரண்டு நாள் உட்கார்ந்து அதில் ஒரே ஒரு பகுதியையாவது சொந்தமாகத் திரும்பச் செய்து பாருங்கள். எங்கே எர்ரர் வந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று சொல்ல முடிந்தாலே அடுத்த கேள்வியைத் தாங்கலாம். அதேபோல, வேலைக்கு முன்பணமோ டெபாசிட்டோ கேட்டால் வரும் தயக்கமும் நியாயமானதே. அங்கே பயத்தின் பேச்சைக் கேட்டு ஃபோனை வைத்துவிடுங்கள்.

கல்யாண வீட்டில் "இப்ப என்னப்பா பண்றே?" என்ற கேள்விக்கும் ஒரு வரி தயாராக இருக்கட்டும். "இன்டர்வியூ போயிட்டிருக்கேன் அத்தை, இந்த மாசம் ரெண்டு இடம்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால்தான் விசாரணை நீளும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அதுவும் ஒரு ஃபோன் கால்தானே என்று கை தயங்கினால், பேசுவதற்கு முன்னும் பின்னும் அதற்கும் ஒரு மார்க் எழுதிக்கொள்ளுங்கள்.