தாத்தா இல்லாத திருக்கடையூர்

தாத்தாவின் வருஷத் திதி முடிந்த கையோடு, "திருக்கடையூர் போயிட்டு வந்துடுவோம்" என்றார் அப்பா. துக்கம் என்பதால் ஒரு வருஷமாக எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. தாத்தாவோ செம்பனார்கோயிலிலிருந்து அங்கே போய் வந்துகொண்டே இருந்தவர். தரங்கம்பாடி ரயில் ஓடிய வரை ரயிலில், எண்பதுகளில் அதை நிறுத்திய பிறகு பஸ்ஸில். 96 வயது வரை இருந்தார்.

கோபுர வாசலில் வழக்கம்போல மாலையும் கழுத்துமாக அறுபது, எழுபது, எண்பது வயதுத் தம்பதிகள். ஒவ்வொரு ஜோடியைச் சுற்றியும் ஒரு பட்டாளம். பேரன்களை வரிசையில் நிறுத்த போட்டோகிராபர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

தாத்தாவின் சதாபிஷேகமும் இங்கேதான் நடந்தது. ஆயிரம் பிறை கண்டவர் என்று பேர். கலச நீரைச் சல்லடை பிடித்து ஊற்றுவார்களே, நனைந்துவிடும் என்று காது மெஷினைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். தாலி கட்டும்போது கை நடுங்கியது. ஒரு முடிச்சை அவர் போட, மற்ற இரண்டையும் நாத்தனார் முறைக்கு அவருடைய தங்கை போட்டார். அவருக்கும் எழுபதைத் தாண்டியிருந்தது. "மந்திரம் ஒண்ணும் கேக்கல. உங்க பாட்டி சிரிச்சது மட்டும் தெரிஞ்சுது" என்றார் தாத்தா.

அதற்கப்புறம் பாட்டி போனார். இன்னும் சில வருஷத்தில் பெரியப்பாவும் போய்விட்டார், அறுபத்தோரு வயதில். காரியமெல்லாம் முடிந்து திருக்கடையூர் வந்தபோது, தெற்குப் பார்த்த காலசம்ஹார மூர்த்தி சந்நிதிக்குத் தாத்தா வரவில்லை. "மார்க்கண்டேயனுக்காக எமனை உதைச்சவர்தான். எனக்கு அவர்கிட்டக் கேக்க இனிமே ஒண்ணும் இல்லடா" என்று நேராக அபிராமி சந்நிதிக்குப் போய்விட்டார். நீண்ட ஆயுள் வேண்டி ஊரே க்யூவில் நிற்கும் இடத்தில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கு முடித்தவர் போலச் சொன்னார். தொண்ணூறு வயதுக்கு ஏதாவது செய்வோம் என்றபோதும், "அவ இல்லாம நான் மட்டும் மாலை போட்டுக்கறதா?" என்று மறுத்துவிட்டார்.

அம்பாளை மட்டும் விடவில்லை. அபிராமி பட்டரின் அந்தாதி நூறு பாட்டும் அவருக்கு மனப்பாடம். தை அமாவாசையன்று பட்டர் 79-வது பாட்டைப் பாடும்போது அம்பாள் தன் தோட்டை வீசி நிலவைக் காட்டினாள் என்பது ஐதீகம். அந்தப் பாட்டு வந்ததும் தாத்தா நிறுத்தி, பட்டப்பகலாக இருந்தாலும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். சின்ன வயதில் நாங்கள் அதைச் செய்துகாட்டிச் சிரித்திருக்கிறோம்.

இந்த முறை முதலில் கள்ள வாரணப் பிள்ளையார். தன்னைக் கும்பிடாமல் அமிர்தம் பங்குபோட வந்த தேவர்களிடமிருந்து குடத்தை ஒளித்துவைத்தவர். பிறகு அமிர்தகடேஸ்வரர். காலசம்ஹாரர் சந்நிதியில் அப்பா தயங்கி நின்றார். அம்மாதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அபிராமி முன்னால் அந்தாதியை ஆரம்பித்த அப்பா நாலாவது பாட்டில் தடுமாற, பின்னால் நின்ற முகம் தெரியாத ஒரு மாமி அடியெடுத்துக் கொடுத்தார்.

வெளியே வரும்போது சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் ஒருவர் அப்பாவை மடக்கி, "உங்களுக்கு எத்தனை சார்?" என்றார். "வர்ற ஆவணியில் எழுபது" என்று அம்மா முந்திக்கொண்டார். பீமரத சாந்திக்கு அப்போதே நாள் பார்த்து முன்பணமும் கொடுத்தாயிற்று. நாத்தனார் முடிச்சுக்கு மதுரை அத்தை வந்தாக வேண்டும். முழங்கால் வலி என்று இப்போதே சாக்குச் சொல்கிறார்.